பொறுப்பாளர் பெயர் வரும் இடம்

ஒரே வேலையை இரண்டு தடவை செய்யச் சொன்னால் ஷஹனாஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். பழவேற்காட்டில் இருந்தபோதே அப்படித்தான். அலசிய துணியை உம்மா இன்னொரு முறை அலசச் சொன்னால் வாளியை நங்கென்று வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள். அந்தக் குணம்தான் அவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தது. கும்மிடிப்பூண்டி பஜாரில் தாய்மாமன் சஹாபுதீன் நடத்திய நெட் சென்டரின் பின்னறையில் கொண்டுவந்து உட்காரவும் வைத்தது.

முன்பக்கம் பரீட்சை முடிவு பார்க்க வருகிறவர்களும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களும். பின்பக்கம் ஷஹனாஸ். சிப்காட் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து தருவது அவள் வேலை. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. வெளிநாட்டு ஆர்டர் பிடிக்க வெப்சைட் வேண்டும் என்று அத்தனை முதலாளிகளுக்கும் ஒரே சமயத்தில் ஞானோதயம் வந்திருந்தது. சஹாபுதீன் மாமு அந்த ஞானோதயத்தை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தார்.

அவர்களுக்கு வாய்த்த பெரிய வாடிக்கையாளர், பழைய இரும்பை உருக்கிக் கம்பி போடும் ஓர் ஆலை. அங்கே அதிகாரிகள் நிலைப்பதில்லை. இன்றைக்கு ஒருவர், அடுத்த மாதம் வேறொருவர். ஒவ்வொரு தடவையும் போன் வரும்: "பேர மாத்திடும்மா." பாதுகாப்புக் கொள்கை என்று ஒரு பக்கம், அவசரத் தொடர்பு என்று ஒரு பக்கம், பயிற்சி என்று ஒரு பக்கம், எல்லாவற்றிலும் பாதுகாப்புப் பொறுப்பாளரின் பெயர். ஒவ்வொன்றாகத் தேடித் தேடி மாற்ற ஷஹனாஸ் என்ன பைத்தியமா? அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

பக்கங்களின் வாசகமெல்லாம் டேட்டாபேஸில் கிடக்கும். அதில் பொறுப்பாளர் பெயர் வருகிற இடத்தில் பெயரையே எழுத மாட்டாள். அடைப்புக்குறிக்குள் ஓர் அடையாளச் சொல்லை மட்டும் வைப்பாள். இன்றைய தேதிக்குப் பொறுப்பாளர் யார் என்பது தனியாக வேறொரு டேபிளில், ஒரே ஒரு வரியில் இருக்கும். யாராவது பக்கத்தைத் திறந்தால், புரோகிராம் ஓடிப்போய் அந்த வரியிலிருந்து பெயரை எடுத்துவந்து, அடைப்புக்குறி இருக்கிற இடத்திலெல்லாம் பொருத்திக் காட்டும். பந்தியில் இலை போட்டு வைப்பது மாதிரிதான். யார் வந்து உட்கார்கிறாரோ அவருக்குப் பரிமாறல் நடக்கும். ஆள் மாறினால் அந்த ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது.

இதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. கம்பெனி எந்த வாசகத்தைக் கொடுத்து அனுப்பினாலும், பொறுப்பாளர் பெயர் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் அடித்துவிட்டு அடைப்புக்குறியைப் போட்டுவிடுவாள். படித்துப் பார்ப்பதுகூட இல்லை. கை தானாகவே போய்விடும்.

அந்த ஆலையில் வரதன் ஷிஃப்ட் சூப்பர்வைசர். சஹாபுதீன் வீட்டுக்கு அடுத்த போர்ஷனில் குடியிருந்தான். அவன் மனைவி துர்காதேவி பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். மாமு வீட்டில் தங்கி வேலை பார்க்க வந்த ஷஹனாஸுக்கு, பேசினால் ஊர் வாசனை அடிக்கிற ஒருத்தி பக்கத்திலேயே கிடைத்தால் வேறென்ன வேண்டும்? துர்கா இறால் வாங்கினால் ஒரு கிண்ணம் சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். இங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சினால் ஒரு தூக்கு அந்தப் பக்கம் போகும். அக்கா, அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் பழகியவர்கள்.

ஆடி மாதம் பிறந்த கையோடு ஆலையில் விபத்து நடந்தது. கிரேனின் வயர் ரோப் அறுந்து கம்பிக்கட்டு மொத்தமும் சின்னராசு என்ற காண்டிராக்ட் தொழிலாளியின் மேல் விழுந்தது. பாவி மகன், 'ஐயோ' சொல்லக்கூட நேரமில்லை. அந்த ரோப் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். வரதன் போய்ச் சொல்லவும் செய்தான். பாதுகாப்புப் பொறுப்பாளராக அப்போது இருந்தவர் பரசுராமன். "இந்த லோடு போவட்டும்யா, லீவு நாள்ல மாத்திக்கலாம்" என்றாராம். லோடு போகவில்லை, சின்னராசு போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் காலையில் ஆலை ஆபீஸிலிருந்து ஒருவர் பென் டிரைவோடு வந்தார். விபத்து நடந்தால் உடனே வெப்சைட்டில் தெரிவிக்க வேண்டும் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் கண்டிஷன் போட்டிருந்தார்களாம். ஷஹனாஸ் தனியாகக் காப்பி வைத்துக்கொள்ளாமல் பென் டிரைவிலிருந்து நேராக வாசகத்தை எடுத்து ஒட்டினாள். 'விபத்து நடந்த நேரத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் திரு. பரசுராமன்' என்று அதில் ஒரு வரி இருந்தது. பெயர் கண்ணில் பட்டது, கை போனது, அடைப்புக்குறி விழுந்தது. பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாஷ்டா சாப்பிடப் போனாள்.

அதற்கடுத்த நாள் பரசுராமனே போன் செய்தார். மனுஷர் பேசினால் தேன் ஒழுகும், அதை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

"ஷஹனாஸ்தானேம்மா? நல்லாக்கீறியா? பாதுகாப்பு இன்சார்ஜ் இனிமே நம்ப வரதன். பேர மாத்திடு கண்ணு."

"வரதண்ணனா சார்? பிரமோஷனா?"

"ஆமா. நல்ல பையன், மேல வரட்டும்."

ஷஹனாஸுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்த ஒரு வரியைத் திறந்தாள். பரசுராமனை அடித்தாள், வரதனை எழுதினாள். "ஆயிடுச்சு சார்" என்றாள்.

"அதுக்குள்ளாரயா!" என்று அவர் வியந்தார். அந்த வியப்பில் இவள் குளிர்ந்துபோனாள். கூறு கெட்ட பெண்.

அன்று சாயங்காலம் துர்காதேவி கேசரி கொண்டுவந்தாள். வரதன் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று முனகினான். "செத்த ஊட்டுக்குப் போயிட்டு இப்பதான் வந்து குளிச்சேன். இவ இன்னாடான்னா கேசரி கிளறிக்கினு கீறா."

"பின்ன? நல்ல சேதி வந்தா வாயில இனிப்பு வெக்க வாணாமா?" என்றாள் துர்கா. "நாலஞ்சு காயிதத்துல கையெழுத்து வாங்கினாங்களாம் ஷானு. ஆபீசருங்க கூட உக்கார வெச்சு டீ குடுத்தாங்களாம்." அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து ஷஹனாஸும் சிரித்தாள்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்த வரதனை லுங்கியோடு வந்து பிடித்தார்கள். இன்ஸ்பெக்டரே நேரில் வந்திருந்தார். கத்துகிற ஆள் இல்லை. அலுத்துப்போன குரலில் துர்காவுக்கு விளக்கம் சொன்னார். ரோப் அறுந்துபோகும் நிலையில் இருப்பது தெரிந்தும் வேலையை நிறுத்தாமல் ஆளைக் கொன்றிருக்கிறார்கள். ஜாமீன் கிடைக்காத செக்‌ஷன். பொறுப்பில் இருந்தவர் வரதன்.

"அவரு போன வாரம்தான் சார் இன்சார்ஜ் ஆனாரு! செத்தது அதுக்கு முன்னாடி!"

"போன மாசமே ஆர்டர் குடுத்திருக்காங்கம்மா. தேதி போட்டு உங்க வீட்டுக்காரர் கையெழுத்தும் கீழ இருக்கு. கூட வேலை பாக்கறவங்களும் அவர்தான்னு சொல்றாங்க. அட, கம்பெனி வெப்சைட்லயே போட்டிருக்கும்மா, விபத்து நடந்தப்போ பொறுப்புல இருந்தவர் வரதன்னு. நானே பார்த்து பிரிண்ட் எடுத்தேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் ஷஹனாஸ் கேட்டுக்கொண்டு நின்றாள். கையிலிருந்த டீ டம்ளரைச் சுவர்மேல் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறும்போது திரும்பிச் சொன்னார். "சாயங்காலம் திருவள்ளூர் கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும். அதுக்குள்ள ஆதாரம்னு ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க. அந்த பரசுராமன் மேல எனக்கும் சந்தேகம் இருக்கு. ஆனா கையில ஒண்ணும் இல்லையே."

செருப்புகூடப் போடாமல் ஷஹனாஸ் நெட் சென்டருக்கு ஓடினாள். ஷட்டரைத் தூக்கி, கம்ப்யூட்டரைப் போட்டு, விபத்துப் பக்கத்தைத் திறந்தாள். 'விபத்து நடந்த நேரத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர் திரு. வரதன்.' அட அல்லாவே! பக்கத்தை ஏற்றியதற்குப் பிறகு அவள் அதைத் திறந்து பார்க்கவே இல்லை. பரசுராமன் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

நடந்தது என்ன என்பது அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. இன்றைக்கு யார் பொறுப்பாளர் என்று சொல்ல வேண்டிய வரி, அன்றைக்கு யார் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. அவளுடைய சாமர்த்தியம் நேற்று நடந்ததையும் இன்றைய பெயரால் எழுதிவிட்டது. ஒரு மனுஷனைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டது.

தப்பு தெரிந்தால் கை சும்மா இருக்குமா? அந்த வரியைத் திறந்தாள். வரதனை அடித்தாள், பரசுராமன் என்று எழுதினாள், சேமித்தாள். பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தாள். இப்போது உண்மை இருந்தது. பெருமூச்சு விட்டாள். பிறகுதான் காலில் செருப்பு இல்லாதது தெரிந்தது.

துர்காதேவி வீட்டு வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். ஷஹனாஸ் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். போன் வந்தது, பெயர் மாற்றியது, அடைப்புக்குறி, ஒன்று விடாமல். துர்காவுக்குப் பாதிதான் புரிந்தது.

"அப்போ நீதான் அவரு பேர எழுதினியா?"

"நான்தான்க்கா. தெரியாம. சத்தியமா தெரியாமக்கா."

துர்கா அவள் முகத்தையே பார்த்தாள். திட்டவில்லை. "சரி, உட்டுத்தள்ளு. இப்போ இன்னா பண்றது?"

"ஆதாரம் கீதுக்கா! அந்த டேபிள்ல ஒரு கட்டம் கீது. பேர எப்போ மாத்தினோம்னு கம்ப்யூட்டரே நேரத்த குறிச்சு வெச்சுக்கும். பரசுராமன் போன் பண்ணது விபத்து நடந்து ரெண்டு நாள் கழிச்சுதானே? அதான் அதுல இருக்கும். அத்த காட்டினா போதும், வரதண்ணன் அப்போ இன்சார்ஜே இல்லன்னு ஆயிடும்."

"நீ எழுதறது இல்லியே, அதுவா எழுதறதுதானே?"

"அதுவாத்தான்க்கா."

துர்காதேவி எழுந்து முகம் கழுவினாள். தலையை வாரி முடிந்துகொண்டாள். வரதனுக்கு மாற்றுச் சட்டை பேண்ட்டை ஒரு பையில் எடுத்து வைத்தாள். லுங்கியோடு போனவன் அல்லவா, வெளியே வரும்போது உடுத்திக்கொள்ள வேண்டுமே. இரண்டு பேரும் நெட் சென்டருக்கு வந்தார்கள். நடக்கும்போது துர்கா ஷஹனாஸின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஷஹனாஸ் டேபிளைத் திறந்தாள். கட்டத்தைப் பார்த்தாள்.

அதில் இன்றைய தேதி இருந்தது. இன்று காலை, அவள் செருப்பில்லாமல் ஓடிவந்து உட்கார்ந்த நேரம் இருந்தது.

அவளுக்குத் தெரியாத விஷயமா இது? அந்த மாதிரிக் கட்டத்தின் சுபாவமே அதுதான். வரியில் எதை மாற்றினாலும் பழைய நேரத்தைத் துடைத்துவிட்டுப் புது நேரத்தை எழுதிக்கொள்ளும். கடைசியாக மாற்றிய நேரம்தான் அதற்குத் தெரியும், அதற்கு முந்தியது தெரியாது. அவள்தான் அப்படி அமைத்தாள். பரசுராமன் போன் செய்த நாள் அந்தக் கட்டத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது, இன்று காலை வரைக்கும் இருந்திருக்கிறது. தப்பைத் திருத்துகிறேன் என்று வந்து, வரதனுக்கு இருந்த ஒரே சாட்சியை அவள் கையாலேயே துடைத்துப் போட்டிருக்கிறாள்.

"இன்னாடி? இன்னா போட்டுக்கீது?"

ஷஹனாஸ் சொன்னாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து சஹாபுதீன் உள்ளே வந்தார். ஆலையிலிருந்து அவருக்குப் போன் வந்திருந்தது. வெப்சைட்டில் யாரோ பெயரை மாற்றியிருக்கிறார்கள், உடனே பழையபடி வையுங்கள் என்று. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பழைய காப்பி எங்கியாச்சும் இருக்குமா மாமு? சர்வர்காரங்ககிட்ட?"

"காலைல மாத்தறதுக்கு முந்தி இருந்ததயா கேக்கறே? அவன் வெக்கிற காப்பி முழு சைட்டு இல்லம்மா. படமும் புரோகிராமும்தான். டேட்டாபேஸ் காப்பி வாணும்னா தனியா வாங்கணும்னான். நான்தான் எதுக்கு தண்டமான்னு உட்டுட்டேன்." அவர் துர்காவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார். "இது பேஜாரு புடிச்ச விவகாரம்மா. அவங்க பெரிய எடம். நம்ப பொண்ண இதுல இழுக்காதே."

"என் புருஷன இழுத்துட்டாங்களே அண்ணே" என்றாள் துர்கா. சஹாபுதீன் எழுந்து முன்பக்கம் போய்விட்டார்.

துர்காதேவி கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எண்கள் அவளுக்குப் புரியாது. ஆனால் மூளை வேலை செய்துகொண்டிருந்தது.

"ஷானு. அந்தக் கட்டத்துல உன்னால கையால எழுத முடியுமா?"

ஷஹனாஸ் நிமிர்ந்தாள். "முடியும்."

"பேர மறுபடி அவரு பேரா மாத்து. அந்த ஆளு போன் பண்ண நாள அங்க எழுது."

"அக்கா, அது..."

"பொய்யா? நீயே சொல்லு, பொய்யா அது? அன்னிக்கிதானே போன் பண்ணான்? நீதானே எடுத்தே? காலைல வரைக்கும் அங்க இருந்தத மறுபடி அங்க வெக்கச் சொல்றேன். இல்லாததையா எழுதச் சொல்றேன்?"

ஷஹனாஸ் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். துர்கா சொன்னதில் என்ன தப்பு? எழுதப் போவது அத்தனையும் உண்மை. வரதன் பெயரை வைத்தாள். போன் வந்த தேதியை வைத்தாள். அன்று நாஷ்டா முடித்து வந்து உட்கார்ந்ததும் போன் மணி அடித்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அந்த நேரத்தையும் வைத்தாள். சேமித்தாள். பிரிண்ட் எடுத்தாள். காலையில் அந்த இடத்தில் இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் தாளை எழுத்து தெரியாமல் மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில் வரதன் லாக்கப் கம்பிக்குப் பின்னால் லுங்கியோடு உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். ஷஹனாஸ் போன் வந்த கதையைச் சொன்னாள். அடைப்புக்குறியை விளக்கினாள். மனுஷருக்கு மூளை இருந்தது, சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அப்போ அந்தப் பக்கம் பழைய சங்கதி இல்ல. யார் பேர் இப்போ இருக்கோ அத காட்டும். பேர் எப்போ மாறிச்சுன்னு இந்தக் கட்டம் சொல்லும். இதுல இருக்கற தேதி விபத்துக்கு அப்புறம். அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அடேயப்பா. இது மட்டும் நெஜம்னா கம்பெனி குடுத்த ஆர்டரே பொய்யாயிடும். பரசுராமன இங்க கொண்டாந்து உக்கார வெச்சிடுவேன்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். துர்காதேவி ஷஹனாஸின் கையை இறுக்கிப் பிடித்தாள். கம்பிக்குப் பின்னால் வரதன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் தாளை மேஜையில் வைத்தார். "ஒரு விஷயம் கேக்கணும். காலைல கம்பெனிலேர்ந்து போன் பண்ணாங்க, யாரோ பேர பரசுராமன்னு மாத்திட்டாங்கன்னு. இப்போ மறுபடி வரதன்னு இருக்கு. நீதான் மாத்தினியா?"

"ஆமா சார். மனசு கேக்காம மாத்திட்டேன். அப்புறம் பழையபடி வெச்சேன்."

"இன்னைக்கு மாத்தியிருக்கே. ஆனா இதுல போன வாரத் தேதி இருக்கு. இந்தத் தேதிய கம்ப்யூட்டர் போட்டதா, நீ போட்டதா?"

பதில் தயாராகத்தான் இருந்தது. அந்தக் கட்டம் முதல் மாற்றத்தை மட்டும்தான் குறிக்கும் சார், பிறகு மாற்றியதையெல்லாம் கணக்கில் எடுக்காது. ஒரே ஒரு வாக்கியம். அந்த அறையில் அதைப் பொய்யென்று சொல்லத் தெரிந்தவர் ஒருவருமில்லை. துர்காவின் நகம் அவள் உள்ளங்கையில் பதிந்தது. சொல்லுடி, சொல்லு, என்று அந்த நகம் கெஞ்சியது.

"நான் போட்டது சார்" என்றாள் ஷஹனாஸ்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே பிடிபடவில்லை. பொய் சொல்லக் கூடாது என்ற நேர்மையா, நாளைக்கு வேறொரு கம்ப்யூட்டர்காரன் வந்து கண்டுபிடித்தால் நாமும் உள்ளே போவோம் என்ற பயமா? இரண்டும்தான் இருந்திருக்கும். எது முன்னால் வந்தது என்று அன்றைக்கும் தெரியவில்லை, பிற்பாடும் தெரியவில்லை. துர்காவின் கை அவள் கையை விட்டுவிட்டது.

"ஆனா அந்தத் தேதி நெஜம் சார்! அன்னிக்கிதான் போன் வந்துச்சு! காலைல வரைக்கும் அதான் அங்க இருந்துச்சு!"

"நெஜமாவே இருக்கட்டும்மா. நீ டைப் பண்ண நெஜத்த நான் எப்படிக் கோர்ட்டுல குடுக்கறது?" அவர் குரலில் காலையில் இருந்த அலுப்பு திரும்பிவிட்டது.

"நான் சாட்சி சொல்றேன் சார். எங்க வேணா வந்து சொல்றேன்."

"சொல்லு. எழுதிக்கறேன். ஆனா முழுசா எழுதணும். பக்கத்து வீட்டுப் பொண்ணு, காலைல பேர மாத்துச்சு, மத்தியானம் மறுபடி பேர மாத்திட்டுத் தேதியையும் மாத்துச்சு. அத்தனையும் எழுதினா கம்பெனி வக்கீல் இன்னா கேப்பான் தெரியுமா? இவருக்கு உதவணும்னே மொத்த வெப்சைட்டையும் இவங்க கலைச்சிட்டாங்கன்னுதான் சொல்வான். நான் எடுத்து வெச்ச பிரிண்ட்தான் ஒழுங்கான ஆதாரமா நிக்கும்." அவர் தாளை மடித்து அவளிடமே நீட்டினார். "காலைல இதத் தொடாம நேரா எங்கிட்ட வந்திருக்கக் கூடாதாம்மா நீ?"

கம்பிக்குப் பின்னால் வரதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். துர்கா கொண்டுவந்த சட்டையையும் பேண்ட்டையும் ஒரு ஏட்டு வாங்கி உள்ளே கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பினான். வேனில் ஏற்றும்போது திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்தது ஷஹனாஸைத்தான். "பாப்பா, துர்காவ ஊட்டுல உட்டுடும்மா. தனியா உடாதே" என்றான். வேன் போய்விட்டது.

துர்காதேவி வெயிலில் நின்றாள். ஷஹனாஸ் அருகில் போய் "அக்கா" என்றாள்.

"எவனோ போன் பண்ணி பேர எழுதுன்னு சொன்னான்" என்றாள் துர்கா. சத்தம் போடவில்லை, சந்தையில் விலை கேட்கிற குரலில் சொன்னாள். "ஏன் சார், எதுக்கு சார்னு ஒரு வார்த்த கேட்டியா? கேக்கல. பொய்யா நெஜமான்னு பாத்தியா? பாக்கல. உடனே எழுதிட்டே. எனக்காண்டி ஒரே ஒரு வார்த்த சொல்ல வேண்டி வந்தப்போ மட்டும் உனக்கு நெஜம் ஞாபகம் வந்துச்சா?"

ஷஹனாஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் பஸ் வந்தது. ஆடிக் கூட்டம், மஞ்சள் புடவைகளும் வேப்பிலையுமாகப் படிவரை நிரம்பி வழிந்தது. துர்காதேவி கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறினாள். அவளைத் தனியாக விடாதே என்று வரதன் சொன்னது ஷஹனாஸின் காதில் இருந்தது. ஓடிப்போய்ப் படியில் கால் வைத்தாள்.

"ஏறாத" என்றாள் துர்காதேவி.

ஷஹனாஸ் காலை எடுத்துக்கொண்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.